சென்னையில் வெயில்... விமானம் ஏன் கிளம்பவில்லை?

பெட்டி ஏற்றியாச்சு, கதவு சாத்தியாச்சு, பெல்ட்டும் போட்டாச்சு. ஆனால், டெல்லி விமானம் நகரவே இல்லை! ‘ஏ.டி.சி அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்’ என்கிறார் விமானி. ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயில். அப்புறம் ஏன் தாமதம்?

பல நேரங்களில் காரணம், நீங்கள் போய்ச் சேர வேண்டிய ஊரில் இருக்கும். ஜனவரியில் டெல்லியை மூடுபனி மூடிவிட்டால், இறங்கும் விமானங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும். மணிக்கு 40 விமானங்கள் இறங்கும் இடத்தில் 25 மட்டுமே இறங்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 15? எல்லாவற்றையும் கிளம்பவிட்டால், டெல்லிக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எரிபொருள் குறைந்துகொண்டே வரும். பஸ் மாதிரி ஓரங்கட்டி நிறுத்த முடியாதே!

அதனால், இந்திய விமான நிலைய ஆணையத்தின் போக்குவரத்து மேலாண்மை மையம் முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு விமானமும் எத்தனை மணிக்குப் புறப்பட்டால், டெல்லியில் இறங்க இடம் இருக்கும் என்று பார்த்து, புறப்படும் நேரத்தை ஒதுக்குகிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் புது நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். சில சமயம் கதவைச் சாத்தி, தயாராக உட்கார வைப்பது அதற்காகத்தான். வானத்தில் காத்திருப்பதைவிட தரையில் காத்திருப்பது பாதுகாப்பு!

2024 ஜனவரியில், மூடுபனியால் டெல்லியில் பல மணி நேரம் தாமதமான விமானத்தில், அறிவிப்பு செய்துகொண்டிருந்த விமானியை ஒரு பயணி தாக்கிய வீடியோ வைரலானது. புறப்படும் நேரத்தை ஒதுக்குவது விமானியும் இல்லை, பணிப்பெண்ணும் இல்லை.

சண்டை போடுவதைவிட விதி தெரிந்திருப்பது நல்லது. சென்னை - டெல்லி போல இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பறக்கும் உள்நாட்டு விமானம் 3 மணி நேரம் தாமதமானால், சாப்பாடு, சிற்றுண்டி கேட்கலாம். 6 மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம் கேட்கலாம். ஆனால், வானிலை, ஏ.டி.சி காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது.

டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் விமானம் மாறப் போகிறீர்களா? இரண்டு விமானங்களுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்!