60-ஐ மறந்தால் 360 வராது

சர்வே லேப் முடிச்ச யாருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். உச்சி வெயில். தியோடலைட்டைச் சுற்றி நாலு பேர். நாலு ஸ்டேஷன், நாலு உட்கோணம். கூட்டினா 360 வரணும். எங்க டீமுக்கு எக்செல் ஷீட்ல வந்தது 359.198.

"இன்ஸ்ட்ருமென்ட் சரியில்ல மச்சி"ன்னு ஒருத்தன். "நீ ஒழுங்கா லெவல் பண்ணல"ன்னு இன்னொருத்தன். சண்டை போட்டுக்கிட்டே மறுபடியும் நாலு ஸ்டேஷனும் எடுத்தோம். ரீடிங் மாறவே இல்லை. கடைசியில், "பேசாம ஒரு கோணத்தை மாத்தி எழுதிடலாமா?"ன்னு ஒரு குரல். வெட்கத்தோட சொல்றேன், மாத்தவே போயிட்டோம்.

ரீடிங்ல தப்பே இல்லை. ஃபீல்டு புக்கில் இருந்தது 88°45′20″, 92°30′40″, 91°20′20″, 87°24′00″. ஷீட்ல நாங்க அடிச்சது 88.4520, 92.3040, 91.2020, 87.2400. அதாவது, 60-க்கு ஒருமுறை மேலே ஏற வேண்டிய நிமிடத்தை 100-க்கு ஒருமுறை ஏற்றிவிட்டோம்.

இப்போ கையால் கூட்டிப் பாருங்க. விநாடிகள் 80, அதில் 1 நிமிடம் மேலே போக, மீதி 20. நிமிடங்கள் 119, கூட அந்த ஒன்று, மொத்தம் 120. அது 2 டிகிரி. டிகிரிகள் 358, கூட 2. விடை 360°00′20″. 20 விநாடி லீஸ்ட் கவுண்ட் உள்ள கருவியில் நாலு கோணத்துக்கு 40 விநாடி வரை பிழை இருக்கலாம் என்பதுதான் வழக்கமான கணக்கு. பாஸ்!

"டோட்டல் ஸ்டேஷன் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கலாம். அங்கேதான் ஆபத்து அதிகம். பல டோட்டல் ஸ்டேஷன்களில் 45°30′20″ என்பதை 45.3020 என்றே அடிக்க வேண்டும். அதே எண்ணை ஷீட்ல போட்டால் அது வேறு கோணம். எண் ஒன்று, அர்த்தம் இரண்டு. எந்த மெஷினும் எச்சரிக்காது. 45°30′-ஐ 45.30 என்று எடுத்தால் வித்தியாசம் 12 நிமிடம். 100 மீட்டர் தள்ளி வைக்கும் புள்ளி சுமார் 35 சென்டிமீட்டர் விலகும். லேப்ல அது ஒரு மார்க். சைட்ல அது ஒரு தூண்.

இத்தனைக்கும் 60 நமக்குப் புதுசு இல்லை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி என்று எண்ணியவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று இருப்பதும் இதே டிகிரி, நிமிடம், விநாடிதான். நாம்தான் ப்ளஸ் டூவில் 30, 45, 60 என்று முழு எண் கோணங்களோடு பழகி, நிமிடத்தையும் விநாடியையும் கால்குலேட்டர் பட்டனிடம் விட்டுவிட்டோம்.

கால்குலேட்டர் வேண்டாம்னு சொல்லலை. 45-ஐ 60-ஆல், 20-ஐ 3600-ஆல் வகுத்துக் கூட்டினால் 88.7556 என்று சரியான எண் கிடைக்கும், அதை அடிங்க. ஆனா அடுத்த லேப்ல, ஷீட்டைத் திறக்கும் முன்னாடி, நாலு கோணத்தையும் ஒருமுறை நோட்டுல கூட்டிப் பாருங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். நண்பனையும் கருவியையும் திட்டுறது அதுக்கப்புறம் இருக்கட்டும். ரீடிங்கை மாத்தி எழுதுற யோசனை வரவே வராது.