மகளை டாக்டராக்க நினைக்கும் தாய்மாருக்கு



பூவரசங்குளத்திலிருந்து ஒரு தாய் நமது பகுதிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். மூத்த மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் முதல் தடவை தோற்றி மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். ஒரு ஏ, ஒரு பி, பௌதிகவியலில் ஒரு சி. மாவட்ட நிலை 19. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "வயலை விற்று வெளிநாட்டுக்கு அனுப்புவோம்" என்கிறார் மாமா. "படித்தது போதும், மாப்பிள்ளை பார்ப்போம்" என்கிறார் பெரிய வாப்பா. "இன்னொரு முறை எழுதுகிறேன் உம்மா" என்று அழுகிறாள் மகள். "யார் சொல்வது சரி என்று எனக்கு விளங்கவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள்" என்று முடிக்கிறார் அந்தத் தாய்.

இந்தக் கடிதம் ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் வன்னியிலும் புத்தளத்திலும் கிழக்கிலும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுத்தான் நடக்கிறது. ஆகவே அவருக்கு எழுதும் பதிலை உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் இந்தக் கணக்கு விளங்கும். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த பெண்ணுக்கு இது பெரிய வித்தையல்ல.

முதலில், இசட் புள்ளி என்றால் என்ன? 2001ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதி இதை வைத்தே நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியிலிருந்து அவள் எவ்வளவு மேலே நிற்கிறாள் என்று பார்க்கிறார்கள். பௌதிகவியலில் எல்லோருடைய சராசரி 40, புள்ளிகளின் பரவல் 15 என்று வையுங்கள். உங்கள் மகள் 70 எடுத்தால் சராசரியை விட 30 கூட. அதை 15ஆல் பிரித்தால் 2. இரசாயனவியலில் சராசரி 50, பரவல் 10. அங்கும் 70 எடுத்தால் 2. உயிரியலில் சராசரி 55, பரவல் 15. அதே 70க்கு அங்கே 1தான். மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் 1.6667. இதுதான் அவளது இசட் புள்ளி. மூன்றிலும் ஒரே 70 எடுத்திருந்தாலும் கஷ்டமான பாடத்தில் எடுத்த 70க்கு மதிப்பு அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

இனி இடங்களைப் பங்கிடும் முறைக்கு வருவோம். மருத்துவம் போன்ற துறைகளுக்கு உள்ள இடங்களில் நூற்றுக்கு 40 நாடு முழுவதற்கும் பொதுவான திறமை வரிசையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பதினாறில் அடங்கும். புத்தளம், அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகியனவும் உண்டு. 1970களில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவர் மத்தியில் பெரும் மனக்கசப்பை விதைத்தது என்பது வரலாறு. அதன் தொடர்ச்சியாக வந்த மாவட்டப் பங்கீடுதான் வன்னிக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு மருத்துவ பீடத்தின் கதவைத் திறந்தது என்பதும் வரலாறுதான்.

வவுனியாவுக்கு எத்தனை இடம் வரும்? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை சுமார் 2 கோடி 3 இலட்சம். வவுனியா மாவட்டத்தில் 1 இலட்சத்து 72 ஆயிரம். அதாவது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு, 0.85 வீதம். கணக்குக்காக நாடு முழுவதும் 2,000 மருத்துவ இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 55 வீதம் 1,100. அதில் வவுனியாவின் பங்கு ஒன்பது. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 100 இடங்களில் இன்னும் இரண்டு. ஆக மொத்தம் பதினொன்று அளவில். இடங்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும், புதிய குடிசன மதிப்பீடு வந்தால் பங்கும் மாறும். ஆனால் நூறு இடமா பத்து இடமா என்ற அளவு உங்கள் மனதில் பதிந்தால் போதும்.

பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளியோடு மாவட்ட நிலையும் தீவு நிலையும் தரப்படும். மாவட்ட நிலையை இந்தப் பதினொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிலை ஏழு, எட்டு என்றால் நிம்மதியாக இருக்கலாம். பன்னிரண்டு முதல் பதினைந்துக்குள் என்றால் நம்பிக்கை உண்டு, உறுதி இல்லை. மேலே நிற்கும் பிள்ளைகளில் ஓரிருவர் திறமை வரிசையிலேயே எடுபட்டுவிட்டால் மாவட்ட இடம் கீழே இறங்கி வரும். நாற்பது, ஐம்பது என்றால் இம்முறை மருத்துவம் இல்லை என்று துணிந்து சொல்லலாம். இத்தோடு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிடும் வெட்டுப்புள்ளிகளையும் பாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து வருடங்களை வரிசையாக எழுதி, மகளின் புள்ளி அவற்றில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வவுனியா போன்ற சிறிய மாவட்டத்தில் இரண்டு பிள்ளைகள் கூடினாலும் குறைந்தாலும் வெட்டுப்புள்ளி அசைந்துவிடும்.

இப்போது கடிதம் எழுதிய சகோதரிக்கு. உங்கள் மகளின் நிலை 19. இம்முறை மருத்துவம் கிடைப்பது கடினம் என்பதைச் சங்கடத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் அவள் தூரத்தில் நிற்கவில்லை. எட்டுப் பேரைத் தாண்டினால் வாசல்! அவளை இழுத்து வைத்திருப்பதும் ஒரே பாடம், பௌதிகவியல். மூன்று பாடத்திலும் முழுமூச்சாகப் படித்தும் மூன்றும் பி ஆக வந்திருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். ஒரு பாடம் மட்டும் கீழே நிற்கும் பிள்ளைக்கு இரண்டாம் தடவை நல்ல பலன் தரக்கூடியது. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். அவள் ஒன்றைத்தான் செலவழித்திருக்கிறாள். ஆகவே மகளின் பேச்சில் நியாயம் இருக்கிறது.

அதற்காக இம்முறை விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் துறைகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். உண்மையான விருப்பத்தின்படியே எழுதுங்கள். "இது நமக்குக் கிடைக்காது" என்று பயந்து மருத்துவத்தைக் கீழே தள்ள வேண்டாம். எழுதாமல் விட்டது ஒருபோதும் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம். மருத்துவத்துக்குப் பிறகு பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி மருத்துவப் பட்டம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் உண்டு. தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் என்பனவும் கௌரவமான பட்டங்களே. மன்னார் வீதியில் பஸ்ஸில் போகும்போது பம்பைமடுவில் பார்க்கிறீர்களே, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம், அங்கும் உயிரியல் படித்த பிள்ளைக்கு இடமுண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு துறைக்குத் தெரிவாகிப் பதிவு செய்துவிட்டால், அடுத்த வருடம் மீண்டும் தெரிவாவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே கடிதம் வந்த சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பதியாமல், ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியை ஒருமுறைக்கு இருமுறை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். கைநூல் தமிழிலும் வருகிறது. பாடசாலையில் உயர்தர ஆசிரியரிடம் கேட்டால் விளக்குவார்.

எந்த மருத்துவ பீடம் என்ற கேள்வியும் பலருக்கு உண்டு. 1870இல் தொடங்கிய கொழும்புதான் மூத்தது. 1962இல் பேராதனையும் 1978இல் யாழ்ப்பாணமும் அதையடுத்து ருகுணுவும் வந்தன. பின்னர் களனி, ஜயவர்தனபுர, ரஜரட்ட, கிழக்கு என்று வளர்ந்து, அண்மைக் காலத்தில் வயம்ப, சப்ரகமுவ, மொரட்டுவ வரை பெருகியிருக்கின்றன. எங்கு படித்தாலும் ஐந்து வருடம், ஆங்கில மொழியில், அதற்குப் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. பட்டத்தின் மதிப்பும் ஒன்றுதான். எனவே பெயரைப் பார்த்து மயங்காமல் வேறு சில விடயங்களைப் பாருங்கள்.

பூவரசங்குளத்துப் பிள்ளைக்கு மிக அருகில் இருப்பது அனுராதபுரத்து ரஜரட்ட பீடம். அங்கே பெரும்பாலான நோயாளிகள் சிங்களத்தில் பேசுவார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழிலேயே நோயாளியிடம் வருத்தத்தைக் கேட்டறியலாம். தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு அது ஆரம்பத்தில் பெரிய ஆறுதல். மறுபுறம், அனுராதபுரத்தில் சிங்களம் பழகிக்கொண்ட டாக்டர் பிறகு நாட்டில் எந்த ஆஸ்பத்திரியிலும் தடுமாற மாட்டார். இரண்டிலும் நன்மை இருக்கிறது. பிள்ளையின் சுபாவத்தை அறிந்தவர் தாய்தானே! விடுதி வசதி எப்படி, முஸ்லிம் மாணவியர் எத்தனை பேர், உணவு, தொழுகை வசதி எவ்வாறு என்பதையெல்லாம் அங்கே படிக்கும் மூத்த மாணவியிடம் கேட்டறியுங்கள். பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஏதும் நடந்தால் உம்மாவிடம் சொல்லத் தயங்கக் கூடாது என்று மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வயலை விற்கும் யோசனை பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் படித்து நல்ல டாக்டர்களாகத் திரும்பியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை அங்கீகரித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முகவர் காட்டும் வண்ணப் புத்தகத்தை நம்பக் கூடாது, சபையிடமே கேட்க வேண்டும். படித்து முடித்து வந்த பிறகும் இங்கே சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் தொழில் செய்யலாம். முதல் வருடச் செலவை மட்டும் கணக்குப் பார்த்து இறங்கி, மூன்றாம் வருடத்தில் விற்பதற்கு ஒன்றுமில்லாமல் நின்ற குடும்பங்களும் உண்டு. இங்கே அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. தகுதியுள்ளோருக்கு மஹாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். மகளுக்கு இன்னும் இரண்டு தடவை இருக்கும்போது வயலில் கை வைக்க வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம்.

கடிதத்தின் ஓரத்தில் அந்தச் சகோதரி இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இளைய மகள் சாதாரண தரம் எழுதி முடித்திருக்கிறாளாம். "நல்ல ரியூஷன் கிடைக்கும் என்று கண்டியில் என் ராத்தா வீட்டில் விட்டுப் படிப்பிக்க எண்ணியிருக்கிறோம்" என்று அதைக் கேள்வியாகக் கூடக் கேட்காமல் எழுதியிருக்கிறார். சகோதரியே, அவசரப்பட வேண்டாம்! பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியவள் என்பதைத் தீர்மானிப்பது பிறந்த ஊரோ வாப்பாவின் காணியோ அல்ல. பரீட்சைக்கு முந்திய மூன்று வருட காலத்தில் அவள் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். கண்டிக்குப் போனால் அவள் கண்டிப் பிள்ளைகளோடு போட்டியிட நேரலாம். கண்டி அந்தப் பதினாறு மாவட்டங்களில் இல்லை. ஒரே புள்ளியை எடுத்த பிள்ளைக்கு வவுனியாவில் கிடைக்கும் இடம் கண்டியில் கைநழுவிப் போகலாம். ரியூஷனுக்காக மாவட்டத்தை விட்டுக்கொடுப்பதா என்று யோசியுங்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் குடும்பங்களும், திரும்பி வந்து பாதி அங்கும் பாதி இங்குமாக வாழும் குடும்பங்களும் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளையைப் பாடசாலை மாற்றுவதற்கு முன் அதிபரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

கடைசியாக, "படித்தது போதும்" என்பவர்களுக்கு. நமது ஊர்களில் பிரசவத்துக்குப் போகும் பெண், பெண் டாக்டர் இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்கிறாள். எல்லா வீட்டிலும் பெண் டாக்டரைத் தேடுகிறோம், நம் வீட்டிலிருந்து ஒருத்தியை அனுப்பத் தயங்கினால் அவர் எங்கிருந்து வருவார்? அதற்காக எல்லாப் பெண்ணும் டாக்டராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று தடவையும் கிடைக்காத பிள்ளையை "தோற்றவள்" என்று ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். பதினொரு இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் நிற்கும் வரிசையில் பன்னிரண்டாவதாக நிற்பது தோல்வியல்ல. கணக்கைப் பார்த்து, கைநூலை வாசித்து, மகளோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்விடம்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.