டர்போவை மாற்றும் முன்



உங்கள் இதழின் டீசல் கார் பராமரிப்புக் கட்டுரையில், பிக்கப் குறைந்தால் டர்போவை மாற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கூட்டேரிப்பட்டு தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் லாரியை முந்த முடியாமல் என் கார் திணறியபோது, பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் இதையேதான் சொன்னார்கள். மயிலத்தில் டிராக்டர் பார்க்கும் தம்பி ஒருவர் குனிந்து பார்த்தார்: இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப் அருகே கிழிந்திருந்தது. டர்போவில் பழுதே இல்லை.

கறுப்புப் புகையோடு 'புஸ்' என்ற சத்தமும் வந்தால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அதற்கும் டர்போ சீல்தான் காரணம் என்றில்லை, பிஸ்டன் ரிங்காகவும் இருக்கலாம். இன்ஜின் ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் லேசான ஆட்டம் பெரும்பாலும் இயல்பு. முன்னும் பின்னும் தெரியும்படி நகர்ந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசியிருந்தாலோ கவலைப்படலாம்.

புது டர்போவும் சீக்கிரமே போய்விடுகிறது என்று புலம்புவோர் பலர். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் சிறு குழாயில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்களா? நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு, ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. நாள்பட்ட ஆயிலை வைத்து ஓட்டிவிட்டுக் கம்பெனியைத் திட்டுவது நம் வழக்கம்!

அடுத்த இதழில் இந்தச் சோதனைகளையும் எழுதுங்கள். கழற்றிய பழைய டர்போவைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்படியும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், மயிலம்