உரையாடலும் கைதுகளும்: டார்ட்மத் தரும் படிப்பினை

தொலைதூர யுத்தமொன்று ஒரு கல்விச் சமூகத்தை எவ்வாறு பிளவுபடுத்தும் என்பதை 2023 ஒக்டோபருக்குப் பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உணர்ந்தன. ஒக்டோபர் 7 இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர்ந்து காஸா மீது இஸ்ரேல் தொடுத்த யுத்தத்தில் பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர்கள் பலியாகினர். எத்தகைய அறிக்கையை வெளியிடுவது என்று பல பல்கலைக்கழகங்களின் நிர்வாகங்கள் தடுமாற, வளாகங்களில் மாணவர்கள் எதிரெதிர் அணிகளாகத் திரண்டனர்.

இந்நிலையில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் டார்ட்மத் கல்லூரி வேறொரு வழியைத் தெரிவு செய்தது. அங்கு யூதக் கற்கைகள் துறையினரும் மத்திய கிழக்குக் கற்கைகள் துறையினரும் யுத்தம் மூண்ட சில நாட்களுக்குள்ளேயே ஒரே மேடையில் அமர்ந்து, மாணவர்களின் கேள்விகளுக்குப் பகிரங்கமாகப் பதிலளித்தனர். இரு துறையினரும் ஏற்கனவே இணைந்து கற்பித்து வந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. நெருக்கடி வேளையில் அவர்களுக்குக் கைகொடுத்தது அமைதிக் காலத்தில் கட்டியெழுப்பப்பட்ட அந்த நம்பிக்கையே எனலாம்.

ஆயினும், அம்முயற்சிக்குக் கிடைத்த நற்பெயர் நீடிக்கவில்லை. 2024 மே முதலாம் திகதி இரவு, கல்லூரியின் புல்வெளியில் கூடாரமிட்டுக் காஸாவுக்காகக் குரல் கொடுத்தோரை அகற்றுவதற்குப் பொலிஸார் அழைக்கப்பட்டனர். சுமார் 90 பேர் கைதாகினர். யூதக் கற்கைகள் துறையின் தலைவராக முன்னர் விளங்கிய பேராசிரியை அனலீஸ் ஓர்லெக்கும் அவர்களுள் ஒருவர். அதே மாதத்தில் கலை, விஞ்ஞான பீடத்தினர் 183 க்கு 163 என்ற வாக்குகளால் கல்லூரித் தலைவர் மீது கண்டனத் தீர்மானத்தை நிறைவேற்றினர்.

கூடாரங்கள் விதிமீறல் என்பதும், ஏனைய மாணவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் கடமை தமக்குண்டு என்பதும் நிர்வாகத்தின் வாதமாகும். அதனை முற்றாகப் புறந்தள்ள முடியாது. ஆனால், கேட்பதற்கு இனிமையான கருத்துகளுக்கு மாத்திரம் மேடை அமைத்து, அசௌகரியமான குரல்களுக்குப் பொலிஸாரை அனுப்பும் நிறுவனம், தான் போதிக்கும் உரையாடலின் மீதே மாணவர்களை நம்பிக்கையிழக்கச் செய்கின்றது. அவ்வாறே, எதிர்த்தரப்பினரின் துயரைக் கேட்க மறுக்கும் போராட்டமும் தனது தார்மீக வலுவை இழந்துவிடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

காஸாவின் இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடம் 2024 ஜனவரியில் இஸ்ரேலிய இராணுவத்தால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அங்குள்ள மாணவர்களுக்குக் கூடிப் பேசுவதற்கு ஒரு மண்டபமேனும் எஞ்சவில்லை. மண்டபங்களும் புல்வெளிகளும் உள்ள பல்கலைக்கழகங்கள் அவற்றை அச்சமின்றிப் பேசுவதற்கும் பொறுமையுடன் செவிமடுப்பதற்கும் திறந்து வைத்திருப்பதே, அம்மாணவர்களுக்கு அவை ஆற்றக்கூடிய குறைந்தபட்சக் கடமையாகும்.