வரி உண்டு, காவல் எங்கே?

மும்பையின் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களுக்குச் சீட்டு புதிதல்ல. பணம் கட்டுவோர் பலர். கணக்குப் பேரேடோ சீட்டு நடத்தும் ஒருவரிடம். அவர் நாணயமானவர் என்ற நம்பிக்கையே அதற்கு முதல். அவர் ஊரைவிட்டு ஓடினால் பேரேடும் போகும், பணமும் போகும்.

அந்த ஒருவரை நம்ப வேண்டிய தேவையை அகற்றுவதற்காக உருவானதுதான் கிரிப்டோகரன்சி. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008-ல் வெளியான கட்டுரையின் அடிப்படையில், 2009-ல் பிட்காயின் பிறந்தது. இதன் பேரேட்டுக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் நகல்கள் உள்ளன. ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒருமுறை, புதிய பரிவர்த்தனைகள் சரிபார்க்கப்பட்டு, ஒரு புதிய பக்கமாக முந்தைய பக்கத்துடன் பிணைக்கப்படுகின்றன. 'பிளாக்செயின்' என்பது இதுதான். பழைய பக்கத்தைத் திருத்த முயன்றால், அடுத்து வரும் அத்தனை பக்கங்களையும் மாற்றியாக வேண்டும். பக்கம் சேர்க்கும் போட்டியில் வெல்லும் கணினிக்குப் புதிய பிட்காயின் பரிசு. மொத்தத்தில் 2.1 கோடிக்கு மேல் உருவாக முடியாது. இதற்குப் பொறுப்பேற்க ரிசர்வ் வங்கி போன்ற அமைப்பு ஏதுமில்லை. வாங்குவோர் தரும் விலையே மதிப்பு.

உரிமையாளருக்கு அடையாளம் ஒரு ரகசியச் சாவி. சாமானிய முதலீட்டாளர்கள் பலர் அதைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல், வர்த்தகத் தளம் நடத்தும் நிறுவனத்திடம் விட்டுவிடுகிறார்கள். விலக்கப்பட்ட அந்த 'ஒருவர்' மீண்டும் வந்து அமர்வது இங்கேதான்.

மும்பையிலிருந்து செயல்படும் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து, 2024 ஜூலை 18-ல் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. உடைந்தது பேரேடு அல்ல. சாவியைக் காக்கும் ஏற்பாடு. கணக்குகள் முடக்கப்பட்டன, நிவாரணத்துக்கான வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நடந்தது. 2025 அக்டோபரில்தான் வர்த்தகம் மீண்டும் தொடங்கியது.

அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், முதலீட்டாளர் ஒருவரின் மனுவில், கிரிப்டோகரன்சியும் சொத்துதான், அதைப் பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று கூறி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால், இதைச் சொல்லியிருக்க வேண்டியது நாடாளுமன்றம் அல்லவா?

வங்கிகள் இவ்வர்த்தகத்துக்கு உதவக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018-ஆம் ஆண்டு சுற்றறிக்கையை, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2021 குளிர்காலக் கூட்டத்தொடருக்கான பட்டியலில் இடம்பெற்ற ஒழுங்குமுறை மசோதா அவைக்கு வரவேயில்லை. ஆனால் 2022-ல் வரி மட்டும் வந்துவிட்டது: லாபத்தில் 30 விழுக்காடு, நஷ்டத்தைப் பிற லாபத்தில் கழிக்க வழியில்லை. இது முறையானதா என்பது வேறு கேள்வி, வரி விதிப்பது அரசின் உரிமை என்று மாநிலங்களவையில் விளக்கமளித்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன்.

உரிமை இருக்குமிடத்தில் கடமையும் இருந்தாக வேண்டும். சீட்டு நடத்துவோரை ஒழுங்குபடுத்த 1982-லேயே சட்டம் இயற்றிய நாடு இது. வாடிக்கையாளரின் நாணயங்களைத் தனியே பேணுதல், கட்டாயத் தணிக்கை, களவு நேர்ந்தால் இந்தியாவிலேயே நிவாரணம் ஆகியவற்றுக்கு வகைசெய்யும் சட்டம் தேவை. சூதாட்டம் என்று அரசு கருதினால் தடை செய்யட்டும். சொத்து என்று கருதினால் காவல் தரட்டும். வரியை மட்டும் வாங்கிக்கொண்டு வாளாவிருப்பது நல்லரசுக்கு அழகல்ல!