புத்தகம் கண்ணுள்ளவர்களின் தனிச் சொத்தா?

கரும்புக் கொல்லையில் சோகை உரிக்கும்போது அதன் நுனி கண்ணைக் கீறிவிடுகிறது. களத்தில் நெல் தூற்றும்போது தூசு கண்ணில் விழுகிறது. ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பெரியாது. ஆகவே கண்ணைக் கசக்கிக்கொண்டே மறுநாளும் வேலைக்குப் போகிறோம். கீறல் புண்ணாகிறது, கருவிழி வெளுக்கிறது, பார்வை போகிறது. பஞ்சாலை மெஷினில் கையைப் பறிகொடுத்த தோழருக்குக் கண் இருக்கிறது. புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட விரல் இல்லை. பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளும் நம் வீடுகளில் உண்டு. நல்ல புத்தியிருந்தும் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க முடியாமல், "மக்கு" என்று பெயர் வாங்கிப் பள்ளியை விட்டு ஓடிவந்த பிள்ளைகளும் உண்டு.

இவர்கள் அனைவரையும், அச்சிட்ட புத்தகத்தைப் படிக்க இயலாதவர்கள் என்று ஒரே வரிசையில் வைத்து இன்று சர்வதேசச் சட்டம் பேசுகிறது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே 50 லட்சத்துக்கு மேல். இவர்களுக்குப் புத்தகம் எங்கே? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

கண்ணில்லாதவருக்கு வாசிப்பு வழங்கிய பெருமகன் ஒரு தொழிலாளியின் பிள்ளை. பிரான்ஸ் நாட்டில் கூப்வ்ரே என்ற கிராமத்தில், குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாக 1809ல் பிறந்தான் லூயி பிரெயில். மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் தோலைத் துளைக்கும் குத்தூசி அவன் கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவி இரண்டு கண்களும் போயின. வாலிபனாகி, 1829ல் ஆறு புள்ளிகளால் எல்லா எழுத்துக்களையும் விரலால் தடவிப் படிக்கும் முறையை அவன் பிரசுரித்தான். நம் நாட்டில் 1951ல் எல்லா மொழிகளுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது. சென்னை பூந்தமல்லியில் பிரெயில் அச்சகமும் ஏற்பட்டது.

பிரெயில் மகத்தான சாதனை. ஆனால் அதற்குத் தடித்த காகிதம் வேண்டும். கையளவு புத்தகம் பல பெரிய தொகுதிகளாகப் பெருத்துவிடும். நடுத்தர வயதில் பார்வை இழந்து, உழைத்துக் காய்த்துப்போன விரலோடு இருப்பவர் அதைப் பழகுவதும் எளிதல்ல. விரலே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

இன்று கம்ப்யூட்டர் இந்தத் தடையைத் தகர்த்திருக்கிறது. எழுத்தாகச் சேமிக்கப்பட்ட புத்தகத்தை இயந்திரம் குரலாக மாற்றிப் படிக்கும். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும். புள்ளி எழும்பும் கருவியை இணைத்தால் பிரெயிலாகவும் தரும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை 2006ல் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய வாலிபர். அதற்கு விலை இல்லை. ஆண்ட்ராய்டு செல்போனில் 'டாக்பேக்' என்ற வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி என்ற இடத்தில் அதை இயக்கி, தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்தால் போதும், செல்போனே வாசிக்கும்.

கருவி வந்துவிட்டது. சட்டமும் சும்மா வரவில்லை. ஒரு புத்தகத்தைப் பார்வையற்றவர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றினால் அது பதிப்புரிமைத் திருட்டு என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. வாசிக்கும் உரிமை கோரி மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் கிளர்ச்சி செய்தன. 2010ல் பார்லிமெண்டுக்கு வந்த மசோதா, பிரெயில் போன்ற தனி வடிவங்களை மட்டுமே அனுமதித்தது. "கம்ப்யூட்டரில் படிப்பவர் என்ன செய்வார்?" என்று அமைப்புகள் விடாமல் வாதாடின. 2012ல் நிறைவேறிய திருத்தச் சட்டம், லாப நோக்கமின்றி எந்த வடிவத்திலும் மாற்றிக்கொடுக்கலாம் என்று வழிவிட்டது.

உலக அரங்கிலும் இதே போர் நடந்தது. 2009ல் பிரேசில், ஈக்வடார், பராகுவே ஆகிய மூன்று நாடுகள் சர்வதேச ஒப்பந்தத்துக்கான நகலை முன்வைத்தன. பெரிய பிரசுரக் கம்பெனிகளும் அமெரிக்க சினிமாக் கம்பெனிகளின் சங்கமும் இதன் விதிகளை இறுக்கப் பார்த்தன. ஆயினும் 2013 ஜூன் 27ந் தேதி மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஒப்பந்தம் நிறைவேறியது. ஒரு நாட்டில் தயாரித்த நூலை மற்றொரு நாட்டுப் பார்வையற்றவருக்கு அனுப்பவும் அது வழி திறந்தது. இதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. இந்தச் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் அயராது உழைத்த சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன் 2013 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். ஒப்பந்தத்தின் வெற்றியை அவர் கண்ணால் காணவில்லை.

சட்டம் வென்றாயிற்று. பிறகும் ஒரு தமிழ் நாவலை, ஒரு சரித்திர நூலை, ஒரு பரீட்சைப் புத்தகத்தை நம் பார்வையற்ற வாலிபர் ஏன் படிக்க முடியவில்லை? இரண்டு பூட்டுகள் இன்னும் தொங்குகின்றன.

முதல் பூட்டு, படம். பழைய நூலைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டு, "டிஜிட்டல் நூலகம்" என்று பெயர் சூட்டுகிறார்கள். கண்ணுள்ளவருக்கு அது புத்தகம். இயந்திரத்துக்கோ அது வெறும் படம். படத்தில் எழுத்து இருப்பதே அதற்குத் தெரியாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தமிழுக்கும் உண்டு. ஆனால் பிழைகள் வரும். மனிதர் உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்த உழைப்புக்குப் பணம் ஒதுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது பூட்டு, பழைய எழுத்துரு. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. உலகம் முழுதும் ஏற்ற எண் வரிசைக்கு யூனிகோடு என்று பெயர். அது பரவுமுன் வந்த பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தன. திரையில் 'அம்மா' என்று தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! குரல் மென்பொருள் அதைத்தான் படிக்கும். அம்மாவை இப்படிக் கேட்க வேண்டிய பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு சர்க்கார் 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் கோக்கப்படும் புத்தகங்கள் இன்னும் வருகின்றன.

"எழுத்தாகக் கொடுத்தால் எல்லோரும் திருடிக்கொள்வார்களே" என்பார்கள் பதிப்பாளர்கள். சிறு பதிப்பாளரின் கவலை பொய்யல்ல. அவரும் கடன்பட்டுத்தான் அச்சடிக்கிறார். ஆனால் சட்டம் அதற்கும் வழி சொல்கிறது. மாற்றித் தரும் அமைப்பு லாபம் பார்க்கக் கூடாது. பிரதி மாற்றுத்திறனாளிகளை மட்டுமே சேர வேண்டும். கடைச் சரக்காகாமல் காவல் செய்ய வேண்டும். திருடன் அச்சுப் புத்தகத்தையே போட்டோ எடுத்துத் திருடுகிறான். அவனைச் சாக்காகக் காட்டிப் பார்வையற்றவர் முன் கதவைச் சாத்துவது நியாயமா?

"யாராவது படித்துக் காட்டினால் போகிறது" என்று சொல்கிற நல்ல மனசுக்காரர்களும் உண்டு. படித்துக் காட்டும் தோழருக்கு நம் வணக்கம். ஆனால் அவருக்கு ஷிப்டு உண்டு, வீட்டு வேலை உண்டு. அவர் வரும் வரை காத்திருப்பதும், புரியாத வரியை மூன்றாம் முறை படிக்கச் சொல்லக் கூசுவதும் எப்படிச் சுதந்திரமாகும்? வேண்டிய பக்கத்தை வேண்டிய நேரத்தில் தானே தேடிப் படிப்பதுதான் வாசிப்பு. அது தர்மமாகக் கிடைக்கும் பொருளல்ல, உரிமை.

இன்றே செய்யக்கூடியவை உண்டு. சர்க்கார் ஆதரவில் 2016ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் இருக்கிறது. டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா என்ற கூட்டமைப்பில் சேர்ந்த அமைப்பு ஒன்றின் மூலம், ஊனச் சான்று காட்டி உறுப்பினராகலாம். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றி உழைத்துத் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் யூனிகோடில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு உண்டு. செல்போன் பழகிய வாலிபர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, ஊரில் உள்ள பார்வையற்றவரின் போனில் டாக்பேக்கை இயக்கிப் பழக்கிவிடலாம். சங்கங்களும் கவனிக்க வேண்டும்: சம்பள ஒப்பந்தத்தையும் கூட்ட நோட்டீசையும் போட்டோ எடுத்து அனுப்பினால் ஓர் உறுப்பினரை வெளியே நிறுத்துகிறோம். எழுத்தாகவே தட்டி அனுப்புங்கள்.

சர்க்காரிடம் நம் கோரிக்கை தெளிவானது. 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நூலகங்களுக்கு வாங்கும் ஒவ்வொரு நூலுக்கும், யூனிகோடு பிரதி ஒன்றையும் பதிப்பாளரிடம் பெற்று, வாசிக்க இயலாதோருக்குக் கிளை நூலகம் வழியே கொடுக்க வேண்டும். படமாகக் கிடக்கும் அரசுடைமை நூல்களை எழுத்தாக்க ஆட்களை நியமித்துக் கூலி கொடுக்க வேண்டும். படித்த பார்வையற்ற வாலிபர்களுக்கும் அதில் வேலை தர வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை புத்தகமும் கருவியும் இலவசம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது கிராமத்துப் பள்ளி வரை வந்து சேர வேண்டும்.

தோழர்களே! எழுதப் படிக்கத் தெரிவது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே என்றிருந்த காலத்தை நம் முன்னோர் கண்டார்கள். இராப் பள்ளியில் அரிக்கன் விளக்கடியில் உட்கார்ந்து அவர்கள் எழுத்தைக் கைப்பற்றினார்கள். அந்த எழுத்து நம் கூட்டத்தில் எல்லோருக்கும் சேர வேண்டும். அடுத்த முறை கிளை நூலகத்துக்குப் போகும்போது, "பார்வையற்றவர் படிக்க இங்கே என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள்.