பூட்டு திட்டாது, அடிக்காது!

எல்.கே.ஜி. பிள்ளைக்கே பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் கொடுக்கிற காலம் இது. சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தத் தெருவில் நடந்து போனாலும், "எழுதுடா... இன்னும் ஒரு பக்கம்தான் இருக்கு" என்ற அம்மாவின் குரலும், கூடவே பிள்ளையின் அழுகையும் கேட்கிறது. ஐந்து வயதிலேயே புத்தகத்தைக் கண்டால் பயம் என்றால், பிறகு எப்படிப் படிப்பில் ஆசை வரும்? சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் பழக்க, பூட்டும் சாவியும் வைத்து விளையாடுகிற விளையாட்டே நல்ல வழி என்பது என் கருத்து.

'எஸ்கேப் ரூம்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. 2007-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் டகாவோ கட்டோ என்பவர் தொடங்கி வைத்தது. நாலைந்து பேர் ஓர் அறைக்குள் போக வேண்டும். அங்கே ஒளித்து வைத்திருக்கும் குறிப்புகளைத் தேடிப் பிடித்து, புதிர்களை விடுவித்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இப்போது சென்னையிலும் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ஆசிரியர்கள் சிலர் 2015 வாக்கில் இதைக் கொஞ்சம் மாற்றி வகுப்புக்குள் கொண்டு வந்தார்கள். அறைக்குப் பதில் ஒரு பெட்டி. வெளியே வருவதற்குப் பதில், பெட்டியின் பூட்டைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான்! நம் வீட்டுக்கு ஏற்றது இந்தப் பெட்டி விளையாட்டுதான்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பரணில் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டி போதும். சூட்கேசில் மாட்டுகிற மூன்று எண் பூட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் பேத்திக்கு நான் வைத்த விளையாட்டைச் சொல்கிறேன். ஒரு கிண்ணத்தில் ஏழு புளியங்கொட்டை. எண்ணினால் முதல் எண் கிடைக்கும். கிண்ணத்தின் அடியில் ஒரு சீட்டு. "அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்" என்று அதில் எழுதியிருக்கும். அங்கே போனால் ஒரு தட்டில் அப்பளம், கரண்டி, அகல்விளக்கு, சீப்பு, அரிசி. 'அ'வில் தொடங்குவது எத்தனை? மூன்று. அந்தத் தட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டு, "தலையணைக்குக் கீழே பார்" என்று. அங்கே இரண்டு இரண்டு ரூபாய் நாணயமும் ஒரு ஒரு ரூபாய் நாணயமும். கூட்டினால் ஐந்து. ஏழு, மூன்று, ஐந்து என்று வரிசையாக வைத்தால் பூட்டு திறந்துகொள்ளும். உள்ளே ஒரு கடலை மிட்டாய், இல்லையென்றால் "இன்று இரவு என்ன கதை வேண்டும், நீயே சொல்" என்று ஒரு சீட்டு.

எண் பூட்டு இல்லையா? வீட்டில் இருக்கும் சாதாரணப் பூட்டு மூன்று எடுங்கள். ஒன்றில் மயில் படம், ஒன்றில் பலாப்பழம், ஒன்றில் லட்டு. சாவிகளில் ம, ப, ல என்று எழுதிக் கட்டுங்கள். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். எழுத்து இன்னும் தெரியாத பிள்ளைக்கு எழுத்துக்குப் பதில் ஒரே மாதிரி படங்களையோ வண்ணங்களையோ வைக்கலாம்.

இதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறது. எண்ணியதை எண்ணாக அடையாளம் காண்கிறது. வார்த்தையின் முதல் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கிறது. மேலே, கீழே, பின்னால் என்பதெல்லாம் புரிகிறது. சீட்டில் உள்ளதைப் படித்தால்தான் அடுத்த இடம் தெரியும் என்பதால், யாரும் சொல்லாமலே எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. எதற்குப் படிக்கிறோம் என்பது அதற்கே தெரிகிறது. நோட்டில் பத்து முறை எழுதும்போது அது தெரிவதில்லையே!

எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டு திட்டாது. தப்பான எண்ணை வைத்தால் திறக்காது, அவ்வளவுதான். "மக்கு, இது கூடத் தெரியலையா?" என்று கேட்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாது. பிள்ளை மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்க்கும். இது புதிய விஷயம் ஒன்றும் இல்லை. 1907-ல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் இதைத்தான் சொன்னார். அவருடைய மர உருளைகளைத் தப்பான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். பிள்ளை தானே தன் தப்பைத் திருத்திக்கொள்ளும். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பது நமக்குப் பெருமை.

நம் அரசுப் பள்ளிகளும் இந்த வழியில்தான் போகின்றன. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கு ஏற்பப் பிரித்து, ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதும் தண்டனை எதற்கு?

என் நாத்தனாருக்கு இதில் உடன்பாடு இல்லை. "அண்ணி, மிட்டாய் இருந்தாத்தான் படிப்பேன்னு பிள்ளை பழகிடும். எழுதி எழுதிப் பழகினாத்தான் கை வரும்" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கையெழுத்துக்குப் பயிற்சி வேண்டும்தான். இந்த விளையாட்டு அதற்குப் பதில் ஆகாது. வாரத்தில் இரண்டு நாள் வைத்தால் போதும். ஆனால் மிட்டாய் விஷயத்தில் நான் கண்டது வேறு. பெட்டி திறந்ததும் என் பேத்தி மிட்டாயைக் கூட மறந்துவிட்டு, "அப்பாயி, இன்னொரு தடவை பூட்டி வை" என்றுதான் கேட்கிறாள். திறக்கிற சந்தோஷம்தான் அவளுக்குப் பெரிசு.

சில எச்சரிக்கைகளும் அவசியம். பூட்டுவது பெட்டியை மட்டும்தான். விளையாட்டுக்குக்கூடப் பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். 2019 ஜனவரியில் போலந்து நாட்டில் இப்படி ஒரு எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, 15 வயதுப் பெண் பிள்ளைகள் ஐந்து பேர் வெளியே வர முடியாமல் இறந்து போனார்கள். பிள்ளை உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய பெட்டியாக இருந்தால், விளையாடி முடித்ததும் மறுபடி பரணில் ஏற்றிவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, நாணயம் இரண்டும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். கடிகாரம் வைத்து விரட்டாதீர்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் போட்டி வைக்காதீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பெட்டியைத் திறக்கட்டும். பிள்ளை திணறினால் விடையைச் சொல்லாமல், "இன்னொரு தடவை எண்ணுவோமா?" என்று மட்டும் கேளுங்கள்.

"சமையலைப் பார்ப்பேனா, சீட்டு எழுதி ஒளித்து வைப்பேனா?" என்று வேலைக்குப் போகும் சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இது அம்மாவின் வேலை மட்டும் என்று யார் சொன்னது? செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா பத்து நிமிஷம் எழுந்து மூன்று சீட்டு ஒளித்து வைக்கட்டுமே! தாத்தாவும் வைக்கலாம். செல்போனில் படிப்பு விளையாட்டு இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் விரல் மட்டும்தான் நகர்கிறது. பெட்டி விளையாட்டில் பிள்ளை வீடு முழுக்க ஓடுகிறது, வீட்டில் உள்ளவர்களோடு பேசுகிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுப்பாடத்தை நிறுத்துங்கள் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். ஒருத்தி கேட்டால் "உங்க பிள்ளைதான் மெதுவா எழுதுது" என்று வாயை அடைத்துவிடுவார்கள். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள். வாசகிகளே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

- ஒரு வாசகி, திருச்சி.